டாட்டட் லைன் என்றால் எந்த லைன்? பொறியியல் வரைபடத்தின் கோடுகளைப் படிக்கத் தொடங்குவோருக்கு

டிராயிங்கை மேசையில் விரித்துவைத்துப் பட்டறையில் இரண்டு பேர் பேசினால் அடிக்கடி காதில் விழும் சொல் "டாட்டட் லைன்". உள்ளே மறைந்திருக்கும் துளையைக் காட்டும் கோடும் டாட்டட் லைன். ஷாஃப்டின் (சுழலும் தண்டின்) நடுவே ஓடும் கோடும் டாட்டட் லைன். பக்கத்தில் வந்து பொருந்தப்போகும் வேறொரு பாகத்தின் உருவமும் டாட்டட் லைன். விட்டு விட்டு வரும் கோடு எதுவானாலும் அதே பெயர்தான்.

ஆனால் அந்த மூன்று கோடுகளும் சொல்வது வேறு வேறு. முதல் கோடு, "இங்கே உலோகத்தில் ஒரு விளிம்பு இருக்கிறது, இந்தப் பக்கமிருந்து பார்த்தால் தெரியாது" என்கிறது. இரண்டாவது, "இந்த இடத்தில் செதுக்க எதுவும் இல்லை, ஆனால் அளவை இங்கிருந்துதான் எடுக்க வேண்டும்" என்கிறது. மூன்றாவது, "இது நீ செய்ய வேண்டிய பாகமே அல்ல" என்கிறது. மூன்றுக்கும் ஒரே பெயர் வைத்துப் பழகியவர், வேண்டாத இடத்தில் துளை போட்டுவிடுவது அதிசயமல்ல. இத்தனைக்கும், இயந்திரப் பாகங்களின் வரைபடத்தில் வெறும் புள்ளிகளால் ஆன கோட்டுக்கு வேலையே கிடையாது.

இந்தக் கோடுகளுக்கு எழுதிவைத்த விதிகள் உண்டு. உலக அளவில் ஐஎஸ்ஓ 128 என்ற தரம். நம் ஐடிஐ, பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரிகளில் படிப்பவர்களுக்கு இந்திய தர நிர்ணய அமைவனம் 1988இல் வெளியிட்டு, 2003இல் திருத்திய எஸ்பி 46 கையேடு. பழைய பாடநூல்கள் ஏ, பி, சி என எழுத்திட்டுப் பத்து வகைக் கோடுகளைப் பட்டியலிடும். புதிய தரத்தில் எழுத்துக்குப் பதில் எண்கள். பட்டியலை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. அந்தப் பட்டியல் எந்தக் கேள்விகளிலிருந்து பிறந்தது என்று பிடிபட்டால், கோடே தன் பொருளைச் சொல்லிவிடும்.

## சாலைக் கோடும் கொத்தனார் நூலும்

இருவழிச் சாலையின் நடுவே வெள்ளைக் கோடு விட்டு விட்டுப் போட்டிருந்தால், எதிரே வண்டி வராதபோது முந்தலாம். அதே கோடு விடாமல் நீண்டிருந்தால் தாண்டக் கூடாது. பெயிண்ட் ஒன்றுதான், நிறமும் ஒன்றுதான். பொருள் முழுவதும் கோடு எப்படி உடைகிறது என்பதில் இருக்கிறது.

இன்னொன்று கொத்தனாரின் நூல். சுவர் எழுப்பும் முன் இரண்டு முனையிலும் ஆணி அடித்து நூலை இழுத்துக் கட்டுகிறார். நூல் சுவரின் பகுதி அல்ல. வேலை முடிந்ததும் அவிழ்த்துவிடுவார்கள். ஆனால் நூல் கோணினால் சுவர் கோணிவிடும்.

பொறியியல் வரைபடத்தில் இந்த இரண்டும் சேர்ந்திருக்கின்றன. சில கோடுகள் பொருளில் உண்மையிலேயே இருப்பவை, செங்கல் வரிசையைப் போல. சில கோடுகள் தாளில் மட்டும் இருப்பவை, நூலைப் போல. எது எது என்று காட்ட வரைபவர் கையில் இருக்கும் கருவிகள் இரண்டே: கோட்டின் தடிமன், கோடு உடையும் விதம்.

## தடிமன் சொல்வது

இயந்திர வரைபடத்தில் தடிமன் இரண்டே வகை: தடித்தது, மெல்லியது. தடித்தது மெல்லியதைப்போல் இரு மடங்கு. 0.5 மி.மீ. வெளிக்கோடு என்றால் மெல்லிய கோடு 0.25, 0.7 என்றால் 0.35. பெரும்பாலான டிராயிங் இந்த இரண்டு ஜோடிகளில் ஒன்றில்தான் இருக்கும். ஒரே தாளில் ஒரே அளவுவீதத்தில் வரைந்த எல்லாத் தோற்றங்களுக்கும் ஒரே ஜோடி.

தரம் அனுமதிக்கும் தடிமன்கள் 0.13, 0.18, 0.25, 0.35, 0.5, 0.7, 1, 1.4, 2 மி.மீ. ஒவ்வொன்றும் முந்தையதைப்போல் சுமார் 1.4 மடங்கு, அதாவது இரண்டின் வர்க்கமூலம். இது தற்செயல் அல்ல. ஏ4 தாளை ஏ3 ஆகப் பெரிதாக்கும்போது நீளமும் அகலமும் இதே மடங்குதான் வளர்கின்றன. 0.25 கோடு 0.35 ஆகிறது, 0.35 கோடு 0.5 ஆகிறது. பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும் கோடுகள் அதே வரிசைக்குள் வந்து விழும்படி யோசித்து அமைத்திருக்கிறார்கள்.

ஏ2 டிராயிங்கை ஏ4 ஆகச் சுருக்கி நகலெடுத்துப் பட்டறைக்கு அனுப்பும் பழக்கம் பரவலாக உண்டு. அப்போது எல்லாம் சரிபாதியாகிறது. 0.5 கோடு 0.25 ஆகித் தாங்கிக்கொள்ளும். 0.25 கோடு 0.13 ஆகி, வரிசையின் கடைசிப் படியில் நிற்கும். மங்கிய நகல் இயந்திரம் என்றால் மெல்லிய கோடு பாதி காணாமல் போகும். மை பரவும் இயந்திரம் என்றால் இடைவெளிகள் அடைபட்டு விட்டு விட்டு வந்த கோடு தொடர்கோடாகிவிடும். இரண்டிலும் பொருள் மாறிவிடுகிறது.

மாணவர்களிடம் பரவலாக உள்ள ஒரு தவறான எண்ணத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். மெல்லிய கோடு என்றால் வெளிறிய கோடு அல்ல. 0.25 கோடும் 0.5 கோடும் ஒரே கருமையில் இருக்க வேண்டும். வேறுபாடு அகலத்தில் மட்டும். பென்சிலை லேசாக அழுத்திச் சாம்பல் நிறத்தில் வரைந்தால் அது மெல்லிய கோடு ஆகாது, அழிக்கப்போகும் துணைக்கோடுதான் ஆகும். மெல்லிய கோட்டுக்கு 2எச் பென்சிலைக் கூராகச் சீவி அழுத்தமாக வரைவதும், வெளிக்கோட்டுக்கு எச் அல்லது எச்பி எடுப்பதும் இதனால்தான்.

சரி, தடித்த கோடு எதற்கு? இந்தத் திசையில் நின்று பார்த்தால் கண்ணில் படும் விளிம்புக்கு. அளவு, மையம், மறைவு, விளக்கம் எல்லாம் மெல்லிய கோடு. விதிவிலக்கு இரண்டு மூன்றுதான். அவை வரும் இடத்தில் சொல்கிறேன்.

## தடித்த தொடர்கோடு: கண்ணில் படும் வெளிக்கோடு

ஒரு கட்டையின் மூலைவிளிம்பு தடித்த கோடாக வருவது எளிதில் புரியும். உருளையின் பக்கம்தான் குழப்பும். ஷாஃப்டைப் பக்கவாட்டில் வரைந்தால் மேலும் கீழும் இரண்டு தடித்த கோடுகள் வருகின்றன. ஷாஃப்டைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தால் அந்த இடத்தில் விளிம்பே கிடையாது, வழவழவென்று உருண்டு போகும். அந்தக் கோடு, பரப்பு வளைந்து நம் பார்வையிலிருந்து விலகும் எல்லையைக் குறிக்கிறது. மடிப்பும் எல்லையும் இரண்டுமே வெளிக்கோடுதான்.

இதற்கு மறுபக்கம் வார்ப்புப் பாகங்கள். காஸ்டிங்கில் இரண்டு பரப்புகள் சேரும் இடம் கூர்மையாக இராது, உருட்டிவிட்டிருப்பார்கள். அங்கே உண்மையான விளிம்பு இல்லை என்பதால் தடித்த கோடு போடக் கூடாது. ஒன்றும் போடாவிட்டால் உருவமே புரியாது. எனவே விளிம்பு இருந்திருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய தொடர்கோடு போட்டு, இரு முனையும் வெளிக்கோட்டைத் தொடாமல் சற்று முன்பே நிறுத்துவார்கள். தொடாமல் நிற்கும் அந்தச் சிறு இடைவெளி, "இங்கே மூலை உருண்டது" என்று சொல்லிவிடும்.

## மெல்லிய தொடர்கோடு: தாளில் மட்டும் இருப்பது

அளவுக் கோடு, அளவுக் கோட்டுக்குப் பொருளிலிருந்து இழுத்துவரும் நீட்சிக் கோடு, குறிப்பை எழுதிச் சுட்டும் சுட்டுக்கோடு, வெட்டிய பரப்பை நிரப்பும் ஹேட்சிங் எல்லாம் மெல்லிய தொடர்கோடுதான். நீட்சிக் கோடு அளவுக் கோட்டைத் தாண்டிச் சுமார் 2 மி.மீ. போக வேண்டும். வெளிக்கோட்டையோ மையக் கோட்டையோ நீட்சிக் கோடாகப் பயன்படுத்தலாம். அளவுக் கோடாகப் பயன்படுத்தக் கூடாது. வெளிக்கோட்டின் முனைகளிலேயே அம்புக்குறி போட்டு அளவெழுதினால், அது விளிம்பா அளவா என்று படிப்பவர் திணறுவார்.

ஹேட்சிங் என்பது, பொருளை வெட்டிக் காட்டும்போது கத்தி பட்ட இடத்தில் போடும் சாய்ந்த இணைகோடுகள். வழக்கமான சாய்வு 45 பாகை. பக்கத்துப் பாகத்துக்கு எதிர்த்திசையில் சாய்க்க வேண்டும், அல்லது இடைவெளியை மாற்ற வேண்டும்; ஒரே பாகம் எத்தனை இடத்தில் வந்தாலும் ஒரே சாய்வு, ஒரே இடைவெளி.

எல்லாவற்றையும் ஹேட்ச் செய்வதில்லை என்பதும் முக்கியம். வெட்டுத் தளம் நீளவாக்கில் கடந்து போனாலும் ஷாஃப்ட், போல்ட், நட்டு, ரிவெட், சக்கரத்தை ஷாஃப்டில் வழுக்காமல் பிடிக்கும் கீ இவற்றை முழுசாகவே காட்டுவார்கள். அவற்றை வெட்டிக் காட்டினால் உள்ளே புதிதாகத் தெரிய எதுவும் இல்லை. வார்ப்புக்கு வலுவூட்டும் மெல்லிய ரிப்பை நீளவாக்கில் வெட்டினாலும் ஹேட்சிங் கிடையாது. ஹேட்ச் செய்தால் அந்த இடம் முழுவதும் கெட்டியான உலோகம்போல் தெரியும், 8 மி.மீ. ரிப் ஒரு முழுக் கூம்பாகக் கண்ணுக்குப் படும்.

மெல்லிய தொடர்கோடு இன்னும் சில இடங்களில் வரும். ஷாஃப்டின் முனையைச் சதுரமாகச் சீவியிருந்தால் அந்தத் தட்டைப் பரப்பில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு மெல்லிய மூலைவிட்டங்கள். தகட்டு வேலையில் மடிக்க வேண்டிய இடம். நீளமான ஷாஃப்டின் நடுப்பகுதியை வெட்டிவிட்டுக் குறுக்கி வரையும்போது கையால் நெளித்த மெல்லிய கோடு அல்லது நடுவே மின்னல்போல் மடங்கிய கோடு. அப்படிக் குறுக்கிய தோற்றத்தை ஸ்கேல் வைத்து அளந்து நீளம் எடுக்கக் கூடாது; எழுதியிருக்கும் அளவுதான் உண்மை நீளம்.

இதுவரை வந்தது: தடித்த தொடர்கோடு பொருளின் கண்ணில் படும் எல்லை, மெல்லிய தொடர்கோடு அதைப் பற்றிய பேச்சு. இனி உடைந்த கோடுகள். அவற்றில் வரையப்படும் பகுதியைத் துண்டு என்றும், நடுவே விடும் காலியிடத்தை இடைவெளி என்றும் சொல்வோம்.

## மறைகோடு: இருக்கிறது, தெரியவில்லை

ஒரே நீளமுள்ள துண்டுகள் வரிசையாக வந்தால் அது மறைகோடு. துண்டின் நீளம் கோட்டின் தடிமனைப்போல் 12 மடங்கு, இடைவெளி 3 மடங்கு. 0.25 கோட்டுக்குத் துண்டு 3 மி.மீ., இடைவெளி முக்கால் மி.மீ. பழைய தரத்தில் இதைத் தடிப்பாகவோ மெலிதாகவோ வரையலாம், ஒரு தாளில் ஒன்றை மட்டும். இன்றைய வழக்கம் மெல்லியது.

மறைகோட்டில் பிழை நடப்பது முனைகளில்தான். இரண்டு மறைகோடுகள் மூலையில் சந்தித்தால் துண்டும் துண்டும் தொட வேண்டும். அங்கே இடைவெளி விழுந்தால் மூலை எங்கே என்று தெரியாது. மறைகோடு ஒரு வெளிக்கோட்டில் போய் முட்டினால் துண்டு தொட்டு முட்ட வேண்டும். ஆனால் ஒரு வெளிக்கோடு அதே நேரில் நீண்டு மறைகோடாக மாறினால் மட்டும் இடைவெளியில் தொடங்க வேண்டும். அங்கே துண்டை ஒட்டவைத்தால், கண்ணில் படும் விளிம்பே இன்னும் 3 மி.மீ. நீண்டதாகத் தெரியும். விளிம்பு எங்கே முடிந்தது என்பதைக் காட்டும் ஒரே அடையாளம் அந்த இடைவெளிதான்.

மறைந்த எல்லாவற்றையும் காட்டியே ஆக வேண்டும் என்றும் இல்லை. மறைகோடுகள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து படிக்க முடியாமல் போனால், அந்தப் பாகத்தை வெட்டுத் தோற்றமாகக் காட்டுவதே சரி. நல்ல டிராயிங்கில் மறைகோடு குறைவாக இருப்பதைப் பார்க்கலாம்.

வீட்டு வரைபடத்தைப் பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கட்டட பிளான் என்பது தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குச் சற்று மேலே கிடைமட்டமாக வெட்டிக் கீழே பார்ப்பது. அதில் லாஃப்ட், சன்ஷேடு, தலைக்கு மேல் போகும் பீம் ஆகியவற்றையும் விட்டு விட்டு வரும் கோட்டில்தான் போடுவார்கள். அங்கே அந்தக் கோடு "கீழே மறைந்திருக்கிறது" என்று சொல்லவில்லை, "வெட்டிய உயரத்துக்கு மேலே இருக்கிறது" என்று சொல்கிறது. இயந்திர வரைபடப் பழக்கத்தோடு வீட்டு பிளானைப் படித்தால் சமையலறை லாஃப்ட் தரைக்குக் கீழே போய்விடும்.

## மையக் கோடு: கொத்தனார் நூல்

நீளத் துண்டு, இடைவெளி, புள்ளியளவு துண்டு, இடைவெளி, மறுபடி நீளத் துண்டு. இப்படி நீளமும் குட்டையுமாகக் கண்ணி கோத்ததுபோல் வருவதைச் சங்கிலிக் கோடு என்பார்கள். நீளத் துண்டு தடிமனைப்போல் 24 மடங்கு, 0.25 கோட்டுக்கு 6 மி.மீ. மெல்லிய சங்கிலிக் கோடு என்றால் மையக் கோடு. துளை, ஷாஃப்ட், சமச்சீரான உருவம், வட்டமாக அடுக்கிய துளைகளின் மையங்கள் வழியே போகும் வட்டம், பற்சக்கரத்தின் பிட்ச் வட்டம் எல்லாம் இதில்தான்.

உலோகத்தில் இல்லாத இந்தக் கோட்டுக்கு ஏன் இவ்வளவு மரியாதை? மார்க்கிங் செய்பவரின் கையைப் பார்த்தால் தெரியும். உயரத்தை அளந்து கீறும் ஹைட் கேஜை அளவுக்கு வைத்துக் கிடைமட்டமாக ஒரு கீறல், வேலைப்பொருளைத் திருப்பிச் செங்குத்தாக ஒரு கீறல். இரண்டும் வெட்டும் இடத்தில் சென்டர் பஞ்சை நிறுத்தி ஒரு தட்டு. டிரில் இறங்குவது அங்கேதான். டிராயிங்கில் வரும் இரண்டு மையக் கோடுகள் அந்த இரண்டு கீறல்கள்தான். அதனால் துளையின் மையத்தில் அவை வெட்டும்போது நீளத் துண்டும் நீளத் துண்டும் வெட்ட வேண்டும். இடைவெளியில் வெட்டினால் மையம் என்று காட்ட ஒரு புள்ளிகூட இராது.

மையக் கோடு உருவத்தின் வெளிக்கோட்டைத் தாண்டி 2, 3 மி.மீ. நீள வேண்டும், ஆனால் ஒரு தோற்றத்திலிருந்து அடுத்த தோற்றம் வரை இழுக்கக் கூடாது. சுமார் 12 மி.மீ.க்குக் குறைந்த வட்டத்தில் சங்கிலி போட இடமிருக்காது. அங்கே மெல்லிய தொடர்கோடே மையக் கோடாகும். சமச்சீரான பாகத்தில் பாதியை மட்டும் வரைந்திருந்தால், மையக் கோட்டின் இரு முனையிலும் குறுக்கே இரண்டு சிறு இணைகோடுகள் போட்டிருப்பார்கள். "மறுபாதியும் இப்படியே" என்று அதற்குப் பொருள். அதைக் கவனிக்காதவர் பாதிப் பாகத்தை மட்டும் செய்து கொடுப்பார்.

மையக் கோட்டை விட்டுவிட்டு, வார்ப்பின் ஓரத்திலிருந்து துளைக்கு அளவு கொடுத்தால் என்ன ஆகும்? வார்ப்பின் ஓரம் ஒவ்வொரு காஸ்டிங்கிலும் ஓரிரு மி.மீ. மாறக்கூடியது. துளைகள் எல்லாம் அதோடு சேர்ந்து நகரும்; அவற்றின்மேல் வர வேண்டிய மூடி பொருந்தாது.

சங்கிலிக் கோட்டின் இரண்டு முனைகளும் வளையும் இடங்களும் மட்டும் தடித்திருந்தால், அது வெட்டுத் தளக் கோடு. மாம்பழத்தை எந்த வாக்கில் அறுத்தால் கொட்டை எப்படித் தெரியும் என்பதுபோல், பொருளை எங்கே அறுத்துப் பார்க்கிறோம் என்று காட்டுகிறது. முனையில் உள்ள அம்புகள் பார்க்கும் திசை. எழுத்துகள் எந்த வெட்டுத் தோற்றத்தோடு சேர வேண்டும் என்பதற்கு. முழுவதும் தடித்த சங்கிலிக் கோடு இன்னொரு விதிவிலக்கு. வெளிக்கோட்டுக்கு வெளியே சற்றுத் தள்ளி இணையாக ஓடினால், அந்த நீளத்துக்கு மட்டும் தனிச் செய்முறை உண்டு என்று பொருள், பெரும்பாலும் ஹார்டனிங். அதைக் கவனிக்காமல் ஷாஃப்ட் முழுவதையும் கடினமாக்கினால், பிறகு கீ உட்காரும் காடியான கீவேயை வெட்ட முடியாமல் கட்டர் உடையும்.

## இரண்டு புள்ளிச் சங்கிலி: இது இங்கே இல்லை

நீளத் துண்டுகளுக்கு நடுவே ஒரு குட்டைத் துண்டுக்குப் பதில் இரண்டு வந்தால், பொருள் முற்றிலும் வேறு. பட்டறையில் இதைத்தான் ஃபேன்டம் லைன் என்கிறார்கள். பக்கத்தில் வந்து சேரும் வேறு பாகம்; நகரும் லீவர் அடுத்த நிலையில் எங்கே நிற்கும் என்பது; வளைப்பதற்கு முன் தகடு எப்படி இருந்தது என்பது; வெட்டுத் தளத்துக்கு முன்னால் இருந்து, வெட்டும்போது அகற்றப்பட்ட பகுதி. எல்லாவற்றுக்கும் பொதுவானது ஒன்று: இது வேறொரு பொருள், அல்லது இதே பொருள் வேறொரு நேரத்தில்.

அதிகம் தவறாகப் படிக்கப்படும் கோடு இதுவே. லீவரின் இரண்டு நிலைகளையும் பார்த்துவிட்டு இரண்டு லீவர் என்று கணக்கிடுவதும், அருகில் வரும் ஷாஃப்டின் உருவத்தை மறைந்த துளை என்று நினைப்பதும் இதனால் வருகின்றன. டாட்டட் லைன் என்ற பொதுப்பெயரைக் கைவிட வேண்டியதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

உடைந்த கோடுகளைக் குட்டைத் துண்டை எண்ணியே பிரித்துவிடலாம். குட்டையே இல்லாமல் எல்லாம் ஒரே நீளம் என்றால் மறைகோடு. நீளத்துக்கு நடுவே ஒன்று என்றால் மையம். இரண்டு என்றால் வேறு பாகம் அல்லது வேறு நிலை.

## மரை: இரண்டு தடிமனும் இடம் மாறும் இடம்

தடித்தது, மெல்லியது என்ற வேறுபாட்டின் அருமை திருகு மரையில்தான் முழுதாகத் தெரியும். மரையின் ஒவ்வொரு வளைவையும் வரைவதில்லை. இரண்டு ஜோடிக் கோடுகளால் காட்டிவிடுகிறார்கள். எம்12 போல்ட்டில் வெளியே இருக்கும் 12 மி.மீ. கோடு தடித்தது, உள்ளே சுமார் 10 மி.மீ. விட்டத்தில் இருக்கும் கோடு மெல்லியது. எம்12 மரைத்துளையை வெட்டிக் காட்டினால் தலைகீழ்: உள்ளே இருக்கும் 10.2 மி.மீ. கோடு தடித்தது, வெளியே இருக்கும் 12 மி.மீ. கோடு மெல்லியது.

ஏன் மாறுகிறது? நகத்தால் வருடிப் பாருங்கள். போல்ட்டை வருடினால் நகத்தில் தட்டுவது வெளிமுகடு. துளைக்குள் விரலை விட்டு வருடினால் தட்டுவது உள்முகடு. நகத்தில் தட்டும் முகடு தடித்த கோடு. மரைப் பள்ளத்தின் அடி மெல்லிய கோடு. கண்ணில் படும் எல்லைக்குத் தடித்த கோடு என்ற அதே விதிதான் இங்கும். துளையின் தடித்த கோடு, டேப் என்ற கருவியால் மரை வெட்டும் முன் டிரில் விட்டுப்போன சுவரும்கூட: எம்12க்குப் பிட்ச், அதாவது அடுத்தடுத்த முகடுகளின் இடைவெளி, 1.75 மி.மீ., அதற்கு 10.2 டிரில். ஹேட்சிங் மெல்லிய கோட்டைத் தாண்டிப் போய்த் தடித்த கோட்டில் முட்டி நிற்க வேண்டும், ஏனென்றால் உலோகம் அதுவரை இருக்கிறது.

முனையிலிருந்து பார்த்தால் இரண்டும் வட்டங்கள். தடித்தது முழு வட்டம், மெல்லியது முக்கால் வட்டம். போல்ட்டில் முக்கால் வட்டம் உள்ளே, மரைத்துளையில் வெளியே. இதை மாற்றிப் போட்டுவிட்டால் மரைத்துளை கேட்ட இடத்தில் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டட், அதாவது மரை வெட்டிய தண்டு, என்று படிக்கப்படும்.

## ஒரு பேரிங் ஹவுசிங்கைப் படித்துப் பார்ப்போம்

6206 என்ற எண்ணுள்ள பேரிங் உட்காரும் சிறிய வார்ப்பு ஹவுசிங் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இந்த பேரிங்கின் உள்விட்டம் 30, வெளிவிட்டம் 62, அகலம் 16 மி.மீ. ஹவுசிங்கின் ஃபிளாஞ்ச், அதாவது போல்ட் போடும் விளிம்புத் தட்டு, 120 விட்டம். எம்8 போல்ட்டுக்காக 100 மி.மீ. வட்டத்தில் 9 மி.மீ. துளைகள் நான்கு. பின்னால் 80 மி.மீ. விட்டத்தில் கழுத்து. பேரிங் உட்கார 62 துளை, அதற்கு அப்பால் ஷாஃப்ட் போக 50 துளை.

பேரிங் போடும் பக்கமிருந்து பார்க்கும் தோற்றத்தில் எல்லாமே வட்டங்கள். 120, 62, 50 மூன்றும் கண்ணில் படுபவை: தடித்த தொடர்கோடு. 80 பின்னால் மறைந்திருக்கிறது: மறைகோட்டு வட்டம். 100 உலோகத்தில் இல்லவே இல்லை: மெல்லிய சங்கிலி வட்டம். அதன்மேல் நான்கு சிறிய தடித்த வட்டங்கள், ஒவ்வொன்றிலும் மெல்லிய தொடர்கோட்டில் மையக் குறி. ஒரே மையத்தில் ஐந்து வட்டம், அவற்றோடு நான்கு சிறிய துளைகள். 80 வட்டத்தையும் 100 வட்டத்தையும் டாட்டட் சர்க்கிள் என்று ஒன்றாகச் சொன்னால், எது கழுத்து, எது துளைகளின் வட்டம் என்று கேள்வி வரும்.

வெட்டுத் தோற்றத்தில் வார்ப்பின் மேல் ஹேட்சிங் இருக்கும். உள்ளே பேரிங் எங்கே உட்காரும் என்று இரண்டு புள்ளிச் சங்கிலியில் காட்டியிருந்தால், 30 மி.மீ. இடைவெளியில் இரண்டு கோடுகள் தெரியும். அவை பேரிங்கின் உள்விட்டம். அதை மறைந்த துளை என்று படித்து 50க்குப் பதில் 30 துளை போட்டால், 30 மி.மீ. ஷாஃப்ட் ஹவுசிங்கில் உரசும்.

பேரிங்கின் வெளிவிட்டம் 62, அதன் இருக்கையும் 62. இரண்டு கோடும் ஒரே இடத்தில் விழுகின்றன. எதை வரைவது? கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது முன்னுரிமை வரிசை இது: கண்ணில் படும் வெளிக்கோடு, மறைகோடு, வெட்டுத் தளம், மையக் கோடு, அதன்பின் நீட்சிக் கோடு. ஃபேன்டம் லைன் வெளிக்கோட்டுக்கு வழிவிட வேண்டும். எனவே 62இல் தடித்த கோடு மட்டும் தெரியும். பேரிங்கின் ஒரு பகுதி கோடில்லாமல் விட்டதுபோல் தோன்றினால் அது பிழையல்ல.

படிக்கும் வரிசையையும் பழகிக்கொள்ளலாம். முதலில் மையக் கோடுகளைத் தேடுங்கள்; பாகத்தின் எலும்புக்கூடு அதுதான். பிறகு தடித்த கோடுகளை மட்டும் கண்ணால் தொடருங்கள். பிறகு மறைகோடு. ஃபேன்டம் லைன் எதுவென்று கண்டுபிடித்து மனதளவில் விலக்கிவையுங்கள். அளவுகள் கடைசியில்.

## கணினியில் வரையும்போது

ஆட்டோகேட் போன்ற மென்பொருளில் கோட்டு வகையைத் தேர்ந்தெடுப்பது ஒரு சொடுக்கு வேலை. ஆனால் துண்டின் நீளம் தானாகச் சரியாக அமையாது. சென்டர் வகையைத் தேர்ந்தெடுத்தும் திரையில் தொடர்கோடாகவே தெரிகிறதா? மி.மீ. கணக்கில் வரையும் கோப்பில் அங்குலக் கணக்குக் கோட்டு வகைகளை ஏற்றியிருப்பீர்கள், துண்டுகள் 25.4 மடங்கு சிறிதாகி நெருங்கிவிடும். மெட்ரிக் வகைக் கோப்பை ஏற்ற வேண்டும், அல்லது எல்டிஸ்கேல் என்ற அளவை மாற்ற வேண்டும்.

தடிமனிலும் இதே சிக்கல். பல அலுவலகங்களில் நிறத்துக்கு ஒரு தடிமன் என்று வைத்து அச்சிடுகிறார்கள்: இந்த நிறம் 0.5, அந்த நிறம் 0.25. அந்த நிறப் பட்டியல் தனிக் கோப்பில் இருக்கிறது. டிராயிங்கை மட்டும் அனுப்பிவிட்டு அந்தக் கோப்பை அனுப்ப மறந்தால், வாங்கியவர் அச்சிடும் தாளில் எல்லாக் கோடும் ஒரே தடிமனில் வரும். மரைத்துளையும் ஸ்டட்டும் ஒன்றாகிவிடும். பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்பினால் தடிமன் அதிலேயே பதிந்துவிடும்.

திரையை நம்பாமல், பட்டறைக்குப் போகும் அளவிலேயே ஒரு தாளை அச்சிட்டு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். 0.25 மறைகோட்டில் ஒரு துண்டு 3 மி.மீ. அருகில் இருக்க வேண்டும், மையக் கோட்டின் நீளத் துண்டு 6 மி.மீ. அருகில். துண்டு 1 மி.மீ.க்கு வந்தால் அடுத்த நகலில் ஒட்டிக்கொள்ளும், 10 மி.மீ.க்கு வந்தால் சிறிய துளையின் மறைகோடு முழுவதும் ஒரே துண்டில் முடிந்து தொடர்கோடாகத் தெரியும். இரண்டிலும் எல்டிஸ்கேலை மாற்றி, மறுபடி அச்சிட்டு, மறுபடி அளக்க வேண்டும்.